பெண் அழைப்புக்கு இரண்டு பல்

பேண்டு செட்டில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே, முதலில் எல்லோரும் ஒருமுறை பல்லைக் காட்டுங்கள். வெட்கப்படாதீர்கள். நன்றாக, ஈறு தெரிய. அப்படியே செல்போனை எடுத்து நேராக ஒரு படம், இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று எடுத்து, தொலையாத இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போகிற பாடத்தில் பாதி இவ்வளவுதான். அவசரமாகப் போகவேண்டியவர்கள் இப்போதே போகலாம். மீதி இருப்பவர்களுக்கு, நான் பல் இழந்த கதை.

போன வருஷம்தான் ட்ரம்பெட்டைக் கீழே வைத்தேன். பல் போனதால் ஓய்வு என்று நம் ஆட்களில் சிலர் சொல்லித் திரிகிறார்களாம். தப்பு. காரணம் முழங்கால். பல் கடைசிவரை என்னுடன் ஒத்துழைத்தது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

என் மேல்வரிசை முன்பல் இரண்டும் முளைத்த நாளிலிருந்தே சரியில்லை. இடதுபக்கத்தான் வலதுபக்கத்தான் மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பான், பஸ்ஸில் பக்கத்து சீட்டையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிற ஆள் மாதிரி. அசல் தெத்துப்பல். எங்கள் பெங்களூர் ஸ்ரீராம்புரத்துப் பயல்கள் அதற்கு வைத்த பட்டப்பெயர்களைப் பெண்கள் இருக்கிற இடத்தில் சொல்ல முடியாது. அதனால் சின்ன வயதிலேயே வாயை மூடிக்கொண்டு சிரிக்கப் பழகிவிட்டேன். நான் ட்ரம்பெட் எடுத்ததற்கே, அது வாயை மறைக்கும் என்பதும் ஒரு காரணம். சங்கீத ஞானம் பின்னால் வந்தது. வந்ததா என்பதைப் பற்றி இரண்டு விதமான கருத்து இருக்கிறது.

ஆனால் அந்தக் கோணல் பல்லில் ஒரு சூட்சுமம் இருந்திருக்கிறது. ஒன்றின்மேல் ஒன்று ஏறிய இடத்தில் ஒரு சின்னப் பள்ளம். உதட்டோடு மவுத்பீஸ் அதில் போய், வீட்டு நாற்காலியில் உட்காருகிற மாதிரி உட்காரும். அதனால்தான் மேலே போகிற சுரங்கள் எனக்கு அலட்டல் இல்லாமல் வந்தன. அதை நான் என் திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஊரும் அப்படித்தான் நினைத்தது. பல்லுக்குப் போகவேண்டிய பேரையெல்லாம் நான் வாங்கிக்கொண்டேன்.

பல் போன விதத்தையும் சொல்லிவிடுகிறேன். பொம்மனஹள்ளிப் பக்கம் ஒரு மாப்பிள்ளை அழைப்பு. மாப்பிள்ளை திறந்த ஜீப்பில். நான் ஜீப்பைப் பார்த்தபடி பின்பக்கமாகவே நடந்து வாசித்துக்கொண்டு போகிறேன். இதை எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பந்தா, அவ்வளவுதான். மண்டப வாசலில் தேங்காய் உடைக்கிறார்கள். அந்த நேரம் பார்த்து எனக்குப் பின்னால் பெரிதாக ஒரு விசில். ஆஹா, ஜனங்கள் ரசிக்கிறார்கள் என்று ட்ரம்பெட்டை இறக்காமல் ஒரு சுற்று சுற்றினேன். விசில் அடித்தவர் ஜெனரேட்டர் வண்டிக்காரர். என்னை ஒதுங்கச் சொல்லி அடித்திருக்கிறார். ட்ரம்பெட்டின் வாய் அந்த வண்டியின் இரும்புச் சட்டத்தில் இடித்தது. மவுத்பீஸ் என் வாயில் இடித்தது. முன்பல் இரண்டும் போயே போய்விட்டன.

எதிர்சாரியில் மாடியில் ஒரு பல் ஆஸ்பத்திரி. சைடு டிரம் வாசிக்கிற முனியப்பன் என்னைக் கைத்தாங்கலாக ஏற்றிவிட்டு, "பல்லத் தேடி எடுத்தாறேன் மாஸ்டரு" என்று திரும்ப ஓடினான். அங்கே இருந்த டாக்டரம்மா சின்ன வயது. கன்னடக்காரர், நல்ல தமிழ் பேசுவார், நடுநடுவே கன்னடமும் வந்து ஏறிக்கொள்ளும்.

"யாக்கே அங்கிள், என்ன ஆச்சு?"

"விழுந்துட்டேன்" என்றேன். வாய் நிறைய ரத்தம். அதற்குமேல் சொல்ல முடியவில்லை. சொல்லவும் விருப்பமில்லை.

முனியப்பன் மண்டபத்துச் சமையல்காரரிடம் ஒரு டம்ளர் பால் வாங்கி, அதில் பல்லைப் போட்டு, சிந்தாமல் படியேறி வந்தான். "பால்ல போட்டா திரும்ப ஒட்ட வெக்கலாமே டாக்டர், யூட்யூப்ல பாத்தேன்."

"சூப்பர் அண்ணா! நிறைய பேருக்கு இது தெரியாது" என்று பாராட்டிவிட்டு, டாக்டரம்மா இடுக்கியால் அதை வெளியே எடுத்தார். விளக்கில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அண்ணா, இது ஹல்லு இல்ல. தேங்காய்."

முனியப்பன் மனம் தளரவில்லை. "இன்னொண்ணு கீது பாருங்க டாக்டர், அடியில."

"அதுவும் தேங்காய்தான் அண்ணா."

என் பல் இரண்டும் அந்த மண்டப வாசலில் காகிதப் பூவோடும் சாமந்தியோடும் பெருக்கித் தள்ளப்பட்டுப் போயின. சாவு ஊர்வலத்துக்கும் வாசித்திருக்கிறேன். அதற்கெல்லாம் வராத அழுகை அந்தப் பால் டம்ளரைப் பார்த்ததும் வந்தது.

இங்கேதான் நான் செய்த பெரிய தப்பு. நீங்களும் நிச்சயம் செய்வீர்கள் என்பதால் கவனமாகக் கேளுங்கள். நான் ட்ரம்பெட் வாசிக்கிறவன் என்று டாக்டரம்மாவிடம் சொல்லவே இல்லை. சொன்னால் "இனிமே ஊதாதீங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுவாரோ என்று பயம். டாக்டர் வாயிலிருந்து அது வந்துவிட்டால் என் வீட்டுக்காரி அதைச் சட்டமாக்கிவிடுவாள். எனக்கோ அடுத்த தையில் மகள் கல்யாணம்.

நம் தொழிலின் வழக்கம் உங்களுக்கும் தெரியும். செட்டுக்காரன் வீட்டுக் கல்யாணத்துக்கு நம் ஆட்களை யாரும் கூப்பிட வேண்டியதில்லை, அவர்களே வந்து நிற்பார்கள். ஆனால் ஊர்வலம் கிளம்புகிற முதல் பாட்டை அந்த வீட்டுக்காரன்தான் எடுக்கவேண்டும். அவன் எடுக்காமல் டிரம்மில் குச்சி விழாது. வீட்டுக்காரன் காலமாகிவிட்டிருந்தால்தான் இன்னொருவன் எடுப்பான். அப்பன் குத்துக்கல் மாதிரி உயிரோடு நிற்கும்போது அவன் பெண்ணுக்கு வேறொருவன் எடுத்துக் கொடுத்தான் என்று நான் கேள்விப்பட்டதே இல்லை. என் மகள் கல்பனா நடக்கப் பழகிய நாளிலிருந்து, தன் ஊர்வலத்துக்கு அப்பா என்ன பாட்டு எடுக்கவேண்டும் என்று வருஷத்துக்கு ஒன்றாக மாற்றிக்கொண்டே வந்தவள்.

காயம் ஆறியதும் டாக்டரம்மா கழற்றி மாட்டுகிற பல்செட் ஒன்று செய்து கொடுத்தார். "ஈறு நல்லா ஆறட்டும், அப்புறம் பக்கத்துப் பல்லைப் பிடிச்சு ஃபிக்ஸா கட்டிடலாம்" என்றார். பல்லின் நிறத்தைத் தேர்ந்தெடுத்தது என் வீட்டுக்காரி. இருந்த மாதிரிகளில் மிக வெள்ளையானதைக் காட்டி, "இதவிட வெள்ளையா இல்லியா டாக்டர்?" என்று கேட்டாள். எத்தனை வருஷத்து ஆசையோ! பல்லும் வரிசையாக, பள்ளிக்கூடப் பிரார்த்தனைக்கு நிற்கிற மாதிரி நின்றது. கண்ணாடியைப் பார்த்தேன். யாரோ ஒரு இன்சூரன்ஸ் ஏஜென்ட் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

வீட்டுக்கு வந்து ட்ரம்பெட்டை எடுத்தேன். கீழ்ச் சுரங்கள் எச்சிலோடு வந்தன. மேலே போனால், குக்கரில் விசில் வருவதற்கு முன்னால் ஒரு சத்தம் வருமே, அது வந்தது. அதற்குமேல் விசில்கூட வரவில்லை.

பழக்கம் விட்டுப்போச்சு, வேறொன்றுமில்லை என்று நினைத்து ட்ரம்பெட்டை வாயில் அழுத்தினேன். சத்தம் வராவிட்டால் அழுத்துவது நம் எல்லோருக்கும் உள்ள நோய். உதடு உள்பக்கம் கிழிந்தது. இன்னும் அழுத்தினேன். பல்செட் ஆட ஆரம்பித்தது. இந்த இடத்தில் ஒரு விஞ்ஞானியின் மூளை எனக்கு வேலை செய்தது: அதற்கு அடியில் சூயிங்கம் வைத்தேன்.

அப்படியே நீலசந்திராவில் ஒரு மிட்டாய்க் கடைத் திறப்புக்குப் போனேன். முதல் பாட்டு நன்றாகவே போயிற்று. இரண்டாவது பாட்டில், எல்லோரும் காத்திருக்கிற அந்த மேல் சுரத்துக்கு மூச்சை இழுத்துத் தள்ளியதும், பல்செட் கழன்று நாக்கின்மேல் உட்கார்ந்துகொண்டது. சூயிங்கம் அதை மேலேயும் போகவிடவில்லை, வெளியேயும் வரவிடவில்லை. ட்ரம்பெட்டிலிருந்து 'புஸ்' என்றொரு காற்று. கடைக்காரர் ரிப்பனும் கத்திரிக்கோலுமாக என்னையே பார்க்கிறார். முனியப்பன் சமயோசிதமாக டிரம்மில் தனி ஆவர்த்தனம் ஆரம்பித்துவிட்டான். ஜனங்கள் ஆடினார்கள். நான் வாயைப் பொத்திக்கொண்டு, பாட்டில் கரைந்து நிற்கிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டேன்.

திரும்பி வரும்போது முனியப்பன் கேலி செய்வான் என்று காத்திருந்தேன். செய்யவில்லை. டிரம்மின் வாரைச் சரிசெய்தபடி சொன்னான்: "தப்பா எடுத்துக்காதீங்க மாஸ்டரு. பாப்பா கல்யாணத்துக்கு செகண்டு ட்ரம்பெட்டுக்காரரு எடுக்கட்டும். யாரும் ஒண்ணியும் சொல்லமாட்டாங்க."

யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள் என்று நம் ஏரியாவில் ஒருவர் சொன்னால், எல்லோரும் சொல்லப்போகிறார்கள் என்று அர்த்தம். அதைவிட, முனியப்பன் கிண்டல் பண்ணாமல் பேசியதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் ட்ரம்பெட் பெட்டியைத் தூக்கிக்கொண்டு டாக்டரம்மா முன்னால் போய் உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்.

"அங்கிள், முதல் நாளே இதைச் சொல்லக்கூடாதா?"

"சிவப்புக் கோட்டு, தங்கச் சரிகை, தோள்ல குஞ்சம், எல்லாத்தோடயும்தானேமா வந்தேன்."

"நான் நீங்க பெரிய ஹோட்டல் வாசல்ல கதவு தொறக்கிறவர்னு நினைச்சேன். சாப்பிடறதுக்கும் சிரிக்கிறதுக்கும் பல்லு செஞ்சு கொடுத்தேன். ஊதறதுக்குன்னு நீங்க கேக்கவே இல்லியே."

பிறகு அவர் செய்ததைக் கவனியுங்கள். என்னை வாயைத் திறக்கச் சொல்லவில்லை. "வாசிங்க" என்றார். அந்தச் சின்ன அறையில், அந்த நாற்காலியில் சாய்ந்தபடி வாசித்தேன். வெளியே காத்திருந்தவர்களில் இரண்டு பேர் அன்று பல்வலி தீர்ந்துவிட்டதாகச் சொல்லிப் போய்விட்டார்களாம். டாக்டரம்மா குனிந்து, என் உதட்டை, மவுத்பீஸ் வழுக்குகிற இடத்தை, பல்செட் ஆடுகிற விதத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மவுத்பீஸ் எதையோ தேடுது அங்கிள்" என்றார். "உங்க பழைய பல்லு எப்படி இருந்துச்சு? போட்டோ இருக்கா?"

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். வீட்டில் இருக்கிற எல்லாப் படத்தையும் புரட்டினோம். என் கல்யாணப் படம், வாய் மூடி இருக்கிறது. ஆதார் கார்டில், மூடி இருக்கிறது. அதில் யார்தான் சிரிப்பார்கள்! முனியப்பன் ஊரெல்லாம் சொல்லிப் பழைய கல்யாண வீடியோக்களை வாங்கி வந்தான். எல்லா வீடியோவிலும் நான் இருக்கிறேன். எல்லாவற்றிலும் வாய்க்கு முன்னால் ட்ரம்பெட் இருக்கிறது. பெங்களூரில் என்னளவு படம்பிடிக்கப்பட்டு, ஒரு பல்கூடப் பதிவாகாத இன்னொரு மனிதன் இருக்கமாட்டான்.

டாக்டரம்மா மெழுகில் பல் செய்து, என்னை நினைவிலிருந்து சொல்லச் சொன்னார். இன்னும் கொஞ்சம் ஏறியிருந்ததா, சரிந்திருந்ததா? எனக்கு என்ன தெரியும்! அதைப் பார்க்காமல் இருப்பதற்கல்லவா நான் வாழ்நாளெல்லாம் பாடுபட்டேன்.

இந்த நேரத்தில் கல்பனா, தன் ஆபீஸும் பொம்மனஹள்ளியிலேயே இருப்பதால், அதே டாக்டரம்மாவிடம் தனக்கும் ஒரு வேலைக்கு நாள் வாங்கியிருந்தாள். நான் மறுபடி மெழுகோடு மல்லாந்து கிடந்த ஒரு சாயங்காலம், அம்மாவும் மகளும் வந்தார்கள். கல்யாணத்துக்கு முன்னால் தன் முன்பல்லை ராவி, மேலே நேராக ஒரு கேப், அதாவது பல்லுறை, போடவேண்டும் என்பது அவள் ஆசை. வாயைப் பொத்திக்கொண்டே சிரிக்கிற பெண் அவள். டாக்டரம்மா, "கையை எடும்மா, பாக்கலாம்" என்றார்.

என் வீட்டுக்காரி மூலையிலிருந்து அலுத்துக்கொண்டாள்: "இன்னாத்த பாக்கிறது டாக்டர். அப்படியே அவங்கப்பன் பல்லு. அச்சு அசலு. ஒரு சைட்டு மனை குடுத்தாரா, நகை நட்டு குடுத்தாரா? இதத்தான் பொண்ணுக்கு சீரா குடுத்திருக்காரு."

டாக்டரம்மா கையில் இருந்த, பல் பார்க்கிற கண்ணாடிக் குச்சியோடு அப்படியே நின்றார். கல்பனாவின் வாயைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி கல்பனாவைப் பார்த்தார். "ஆன்ட்டி, அதை இன்னொருவாட்டி சொல்லுங்க."

தம்பிகளே, ஒரே வீட்டில் இருபத்தைந்து வருஷமாக அந்தப் பல் என் எதிரில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டிருக்கிறது. எனக்குத் தோன்றவில்லை.

டாக்டரம்மா விவரமாகச் சொன்னார். மகளின் பல்லை அச்செடுத்து, அதைப் பார்த்து எனக்குப் பிளாஸ்டிக்கில் தற்காலிகப் பல் கட்டலாம். ஆனால் அப்பாவின் தாடை வேறு, பெண்ணின் தாடை வேறு. ஒரே அச்சில் முடியாது. ஊதிப் பார்த்து, ராவி, மறுபடி அவள் பல்லோடு வைத்துப் பார்த்து, இப்படி எத்தனை தடவை ஆகுமோ. "அதுவரைக்கும் இவங்க பல்லை நான் தொடமாட்டேன். ராவிட்டா திரும்ப வராது. கல்யாணத்துக்கு அப்புறம்தான் கேப்."

நான் எழுந்து உட்கார்ந்தேன். "வேணாம் டாக்டர். பொண்ணுக்கு மொதல்ல பண்ணுங்க. கல்யாணப் போட்டோ ஒருவாட்டிதான். எனக்கு இருக்கவே இருக்கான் செகண்டு ட்ரம்பெட்டு." எப்படியோ சொல்லிவிட்டேன். இரண்டு பல் இல்லாததால் அதில் பாதி காற்றாகத்தான் வந்திருக்கும்.

"ஆமா, போட்டோவுல இந்தக் கோணப்பல்லு என்னத்துக்கு ஆகும்" என்று என் வீட்டுக்காரி ஆரம்பித்தாள்.

கல்பனா அவளை முடிக்க விடவில்லை. "அம்மா, நான் இருபத்தஞ்சு வருஷமா வாய மூடினுதான் போட்டோ எடுத்துக்கிறேன். இன்னொரு ரெண்டு நாள் மூடிக்கிறேன். இவரு வாயத் தொறந்தாத்தான் என் ஊர்வலமே கிளம்பும்." பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க படுங்கப்பா. அச்சு எடுக்கிறப்போ வாந்தி வருமா?" என்று கேட்டாள்.

அப்புறம் வந்த வாரங்களை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. நான் வாசிப்பேன், டாக்டரம்மா காது கொடுத்துக் கேட்டுவிட்டு ராவுவார், மறுபடி வாசிப்பேன். "சொல்ப மேல போங்க அங்கிள்... ஆ, அங்க வழுக்குது." ஆபீஸ் முடிந்து வருகிற கல்பனா பக்கத்து நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒரு கட்டத்தில் எந்தச் சுரம் வரும், எது வராது என்பதை எனக்கு முன்னால் டாக்டரம்மா சொல்ல ஆரம்பித்தார். ஒருநாள், ஏதோ ஒரு ராவலுக்குப் பிறகு, மவுத்பீஸைக் கொண்டுபோனேன். அது போய்த் தானாக உட்கார்ந்தது. வீட்டு நாற்காலி. நான் ஒன்றும் செய்யவில்லை. சுரம் கூரையில் போய் இடித்தது. டாக்டரம்மா கையுறையோடு கை தட்டினார்.

"பக்கத்து வீட்டு நாய் கத்துதுப்பா" என்றாள் கல்பனா. "முன்ன நீங்க மேல போனா நம்ம தெரு நாயும் இப்படித்தான் கத்தும். அப்ப சரியா வருது."

அந்தக் கோணலை அப்படியே வைத்து, நல்ல பீங்கான் பல்லாகச் செய்யச் சொல்லி லேபுக்கு அனுப்பினார் டாக்டரம்மா. உதட்டையும் பழக்கினேன், தினமும் கொஞ்சம் கொஞ்சமாக, அழுத்தாமல். கல்யாணம் நெருங்கியது.

பெண் அழைப்புக்கு முந்தின நாள் பீங்கான் பல் வந்தது. டாக்டரம்மா டப்பாவைத் திறந்தார். முகம் மாறியது. பல் இரண்டும் நேராக இருந்தன! லேபில் இருந்தவர் ரொம்ப நல்லவர், கைசுத்தமான வேலைக்காரர். டாக்டர் ஏதோ அவசரத்தில் கோணலாக அனுப்பிவிட்டார் என்று நினைத்து, தானே அன்போடு நேர்செய்து வைத்திருக்கிறார். டாக்டரம்மா போனில், "அண்ணா, கோணலாத்தான் வேணும், கோணல்தான் கேஸே!" என்று கத்திக்கொண்டிருந்தது வெளியே கேட்டிருக்கும்.

புதிதாகச் செய்ய நேரமில்லை. டப்பாவில் இருந்த பல்லோ, சொல்லக்கூடாது, அவ்வளவு அழகு. என் வாயில் இருந்த பிளாஸ்டிக் பல் டீ குடித்து மஞ்சளடித்து, ராவிய தடமெல்லாம் தெரிய, பார்க்கச் சகிக்கவில்லை. கூட வந்திருந்த என் வீட்டுக்காரி இரண்டையும் பார்த்தாள். டப்பாவை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். அதுவே பெரிய வார்த்தை. எனக்கும் சபலம் வந்தது என்பதை மறைக்க மாட்டேன். மாப்பிள்ளை வீட்டார் எல்லாம் வருவார்கள். வாசிக்கிறது கொஞ்ச நேரம், போட்டோவில் நிற்கிறது காலத்துக்கும். ஒருவேளை புதுப் பல்லிலேயே எப்படியாவது ஊதிவிடலாமே? நான் பெரிய கலைஞன் ஆயிற்றே?

"இதையே ஒட்டிடலாமா டாக்டர்?"

டாக்டரம்மா டப்பாவை மூடினார். "அங்கிள், இது அழகா இருக்கு. ஆனா இதுல நீங்க ஒரு நிமிஷம்கூட வாசிச்சதில்ல. நாளைக்கு பங்ஷன்னா இன்னிக்குப் புதுசா எதையும் வாயில வைக்கக்கூடாது. உங்க வாயில இருக்கிறது அசிங்கமா இருக்கு, ஆனா அதுக்கு வேலை தெரியும். நான் ஒட்டமாட்டேன்."

"அது கழண்டுக்கிச்சுன்னா?"

"கழண்டா என் கைவேலை தப்பு. கழலாது. திரும்ப ஸ்ட்ராங்கா ஒட்டித் தர்றேன்." பிறகு கொஞ்சம் தணிந்து, "நானும் கல்யாணத்துக்கு வர்றேன். பசையும் கொண்டு வர்றேன்" என்றார்.

என்னைவிட முப்பது வயது இளையவர். எனக்கு வாத்தியார் என்று யாரையாவது சொல்லவேண்டுமென்றால் அவரைத்தான் சொல்வேன். ட்ரம்பெட்டில் அவருக்கு ஒரு சுரம்கூட வாசிக்கத் தெரியாது. ஆனால் நெருக்கடியில் எது அழகு, எது உதவும் என்று பிரித்துப் பார்த்து, அழகானதை வேண்டாம் என்று சொல்லத் தெரிந்திருந்தது. புது மவுத்பீஸ், புது ஷூ, புதுப் பாட்டு, எதுவானாலும் முக்கியமான நாளுக்கு முந்தின நாள் அவர் டப்பாவை மூடியதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பெண் அழைப்பு. ஸ்ரீராம்புரத்தில் எங்கள் தெரு முனைக் கோயில் வாசலில் பூ ஜோடித்த திறந்த வண்டியில் கல்பனா. நம் செட்டுக்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள், நான் பார்த்தேயிராத செட்டுக்காரர்களும் வந்திருந்தார்கள். எனக்குப் பல் போன விஷயம் அத்தனை பேருக்கும் தெரியும். முனியப்பன் குச்சியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தான். செகண்டு ட்ரம்பெட் வாசிக்கிறவர் தன் ட்ரம்பெட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, எதற்கும் இருக்கட்டும் என்று உதட்டை நனைத்துக்கொண்டார். அதையும் பார்த்தேன்.

மவுத்பீஸைக் கொண்டுபோனேன். அது தன் நாற்காலியில் உட்கார்ந்தது.

பாட்டை எடுத்தேன். முனியப்பனின் குச்சி விழுந்தது. கூட்டத்தில் யாரோ விசிலடித்தார்கள். ஜெனரேட்டர் வண்டியா என்று முதலில் திரும்பிப் பார்த்துக்கொண்டேன். இல்லை, இந்தத் தடவை எனக்குத்தான்.

இனி ஜென்மத்துக்கும் பின்பக்கமாக நடக்கமாட்டேன் என்று வீட்டில் சத்தியம் செய்திருந்தேன். நாலடி நேராகத்தான் நடந்தேன். பெண் பின்னால் வருகிறாள். நான் யாருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாசிக்கிறேன்? திரும்பிவிட்டேன். முனியப்பன் ஒன்றும் கேட்காமல், ஒரு கையால் டிரம்மைத் தட்டிக்கொண்டே மறு கையால் என் கோட்டின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டான். "லெஃப்ட்டு மாஸ்டரு... குழி இருக்குது... ஸ்பீட் பிரேக்கர்... ரைட்டு, ரைட்டு..." என்று மண்டபம்வரை லாரி ரிவர்ஸ் எடுக்கிற கிளீனர் மாதிரி சொல்லிக்கொண்டே வந்தான். மண்டப வாசலில் அந்த மேல் சுரத்துக்குப் போனேன். போனேன் என்றால், அது தன்னால் போயிற்று. பிளாஸ்டிக் பல் அசையவில்லை.

வண்டியில் கல்பனா சிரித்தாள். இரண்டு கையிலும் மாலையைப் பிடித்திருந்ததால் வாயைப் பொத்தக் கை இல்லை. பொத்தவேண்டும் என்ற ஞாபகமும் அவளுக்கு இல்லை என்று நினைக்கிறேன். ஈறு தெரியச் சிரித்தாள். போட்டோக்காரர் விடுவாரா? அந்தப் படம்தான் இப்போது எங்கள் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறது. அதில் நானும் இருக்கிறேன், வழக்கம்போல முதுகும் ட்ரம்பெட்டும்தான் தெரிகின்றன. பல் தெரிவது அவளுடையது மட்டும். வருகிறவர்களிடம் என் வீட்டுக்காரி அந்தப் படத்தைக் காட்டி, "பொண்ணு சிரிப்பப் பாருங்க" என்பாள். கோணல் என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. சொன்னால் என்ன நடக்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

கல்யாணம் முடிந்து, கோணல் கோணலாகவே பீங்கான் பல் வந்து, டாக்டரம்மா எனக்கு ஒட்டிவிட்டார். அதோடுதான் மீதி வருஷமெல்லாம் வாசித்தேன். கேப் போட எப்போது வருகிறீர்கள் என்று கல்பனாவுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்ததாம். "அப்பாவுக்கு ஸ்பேர் வேணும்னா எங்க போவாரு? இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டாளாம்.

கல்பனாவின் மகளுக்கு இப்போது பால்பல் விழுந்து முன்பல் முளைக்கிறது. நேற்று வீடியோ காலில் போனை வாய்க்குள்ளேயே நுழைத்துக் காட்டினாள். ஒரு பல் வந்திருக்கிறது. ஸ்கேல் வைத்த மாதிரி நேராக இருக்கிறது. நல்லதுதான். எனக்கு ஏனோ சப்பென்று ஆகிவிட்டது.

என் வீட்டுக்காரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனை வாங்கி ரொம்ப நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு என்னிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"பக்கத்துப் பல்லு இன்னும் வரலியே" என்றாள். "பொறுங்க, பாக்கலாம்."